தட்டு அகலத்தில் ஒரு குக்கீ

சிங்காநல்லூரில் ஒரு குருவும் ஒரு சீடரும் ஒரே வீட்டில், மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். குருவுக்கு வயது இருபத்தேழு. சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள். வயதைப் பார்த்தா வித்தை வந்து உட்காருகிறது?

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடிப் பெண். மாடி வீட்டில் ஓவன் வைத்து கேக்கும் குக்கீயும் செய்து கொடுப்பவள். பேச்சு குறைவு. கேட்ட கேள்விக்குப் பாதி நேரம் பதில் வராது. மீதி நேரம் எதிர்க்கேள்வி வரும்.

சீடர் சென்னியப்பன். நூல் மில்லில் முப்பத்துமூன்று வருடம் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு எல்லாம் மில்காரர்கள் கொடுத்த காகிதத்தோடு சரி. அரைமணிக்கு ஒருமுறை மெஷின்களைச் சுற்றி வந்த கால், இப்போது வீட்டு அடுப்பைச் சுற்ற ஆரம்பித்தது.

இட்லிப் பானையைத் திறப்பார். "வெந்துருச்சா ருக்கு?" என்பார். மூடுவார். இரண்டு நிமிடம் கழித்து மறுபடி திறப்பார். பாலுக்கு உறை ஊற்றி வைத்தால் கரண்டியை விட்டுக் கிண்டிப் பார்ப்பார். மனைவி ருக்குமணி கொஞ்சம் கண்ணசந்தால் தோளைத் தட்டி எழுப்பி, "தூங்கிட்டியா?" என்று கேட்பார். மனுஷி எத்தனை நாளைக்குத்தான் தாங்குவாள்?

ஒன்பது மாதம் தாங்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் நான்காவது தடவையாக இட்லிப் பானையைத் திறந்தபோது, அடுப்பை அணைத்தாள். நாலு சேலையை எடுத்து வைத்தாள்.

"எங்க அண்ணன் வீட்டுல எதையாச்சும் மூடி வெச்சா, மூடுனது மூடுனபடி இருக்குமுங்க" என்றாள். கோபிச்செட்டிபாளையம் பஸ் ஏறிவிட்டாள்.

நாற்பது நாள் ஆயிற்று. சென்னியப்பன் தினமும் பத்து தடவை போன் போட்டார். அவள் எடுக்கவில்லை. பத்து தடவை போட்டால் யார் எடுப்பார்கள்? அது அவருக்கு உறைக்கவில்லை.

கடைசியில் அவளுடைய அண்ணனே கூப்பிட்டார்.

"மாப்ள, வர்ற ஞாயித்துக்கெழம பீளமேட்டுல ஒரு வரவேற்பு. ருக்கு பதினொரு மணிக்கு உங்க வீட்டுக்கு வந்து பட்டுச்சேலைய எடுத்துக்குவா. மூணு மணிக்கு நான் கார்ல வந்து கூட்டிக்கறேன்."

"கூட்டிக்கறீங்களா? அப்ப இங்க இருக்க மாட்டாளா?"

"அதை நான் எப்படி மாப்ள சொல்லுவேன்? இருக்கறதும் வாறதும் அவ இஷ்டம்."

சென்னியப்பன் போனை வைத்தார். நாலு மணி நேரம். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கூடத்துக்கும் வாசலுக்கும் இருபது தடவை நடந்தார். அப்போதுதான் அந்தக் குக்கீ ஞாபகம் வந்தது. மகளோடு ஒருமுறை பெரிய கடைக்குப் போனபோது, தட்டு அகலத்தில் சாக்லேட் குக்கீ ஒன்று வாங்கினார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் மெத்து. "இதென்னுங்க, கடிச்சா இழுக்குது!" என்று ருக்குமணி சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். மீதியைக் கைக்குட்டையில் மடித்து எடுத்துவந்து பஸ்ஸில் தின்றாள்.

நேரே மாடி ஏறினார்.

"அம்மிணி, தட்டு அகலத்துக்கு ஒரே குக்கீ. நடுவுல கடிச்சா இழுக்கோணும். கத்துக் குடுப்பீங்களா?"

"நானே செஞ்சு தாரேனே அங்கிள்."

"நீங்க செஞ்சா நான் செஞ்சதா ஆகாதுங்களே."

"யாருக்கு?"

"என்ற சம்சாரம் வாறா."

ஜெசிந்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் பழைய சின்ன ஓவனைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

உருக்கி ஆறவைத்த வெண்ணெய். நாட்டுச் சர்க்கரை தாராளமாக, வெள்ளைச் சர்க்கரை கொஞ்சம். ஒரு முட்டை. மைதா, உப்பு, சிட்டிகை சோடா. சாக்லேட்டைக் கத்தியால் பெரிசும் சிறிசுமாக நறுக்கிப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே உருண்டையாகப் பிடித்து, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து, தட்டில் லேசாக அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

"பதினெட்டு நிமிஷம். கதவத் திறக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

திறக்காமல் இருந்தால் அவர் சென்னியப்பனா? அரைமணி கழித்து அவள் வந்து பார்த்தபோது குக்கீ ஒரு பக்கமாக வழிந்து, வரட்டி மாதிரித் தட்டையாகக் கிடந்தது.

"எத்தன தடவ திறந்தீங்க?"

"ரெண்டு."

ஜெசிந்தா தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"நாலு... ஆறுங்க அம்மிணி."

"திறந்து பாத்ததுல என்ன தெரிஞ்சுது?"

"வேகலன்னு தெரிஞ்சுதுங்க."

"ஆறு தடவையுமா?"

"ஆறு தடவையும்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மறுநாள் இரண்டாவது குக்கீ. சென்னியப்பன் கதவைத் தொடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் ஓவனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்துக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதினெட்டு நிமிடம் ஆயிற்று. நடுவில் இன்னும் வெளுப்பாக, ஈரமாக இருந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. நடுப்பகுதி சிவந்து இறுகும்வரை விட்டார். முப்பது நிமிடம்.

ஜெசிந்தா அதை எடுத்து மேடையில் தட்டினாள். ஓட்டுச் சில்லு மாதிரிச் சத்தம் வந்தது.

"நடுவுல பச்சையா இருந்துதுங்க. அதான் விட்டேன்."

"பச்சையா தெரியும்போதுதான் வெளிய எடுக்கணும் அங்கிள்."

"வேகாததையா?"

"ஆமா."

"அப்புறம் மீதிய யாருங்க வேக வெப்பாங்க?"

"யாரும் வேக வைக்க வேண்டாம். தட்டுச் சூட்டுல அதுவா இறுகும். இருபது நிமிஷம் தொடக்கூடாது."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. முப்பத்துமூன்று வருடம் யாரையும் எதையும் 'அதுவா' சரியாகும் என்று விட்டவரில்லை அவர். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றாவது. ஓவனைத் திறக்கவில்லை, டார்ச் அடிக்கவில்லை. பதினெட்டாவது நிமிடம் தட்டை வெளியே எடுத்து மேடையில் வைத்தார். ஓரம் பொன் நிறம். நடுவில் வெளுப்பு. அப்படியே விட்டிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பார். மூன்று நிமிடம் தாங்கினார். நாலாவது நிமிடம் தோசைத் திருப்பியை அடியில் விட்டு, அடிப்பக்கம் வெந்திருக்கிறதா என்று லேசாகத் தூக்கிப் பார்த்தார். குக்கீ நடுவில் பிளந்து இரண்டாக விழுந்தது.

மாடிப்படியில் பாதி ஏறி நின்றபடியே கத்தினார்.

"அம்மிணி! எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஒடஞ்சு போச்சுங்க!"

ஜெசிந்தா இறங்கி வந்து பார்த்தாள். தோசைத் திருப்பியையும் பார்த்தாள்.

"மில்லுல நூலு நல்லா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க அங்கிள்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் சென்னியப்பனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நூல் சுத்துன கோன்ல இருந்து ஒரு இழைய உருவி, மெஷின்ல மாட்டி, அறுபடற வரைக்கும் இழுப்போமுங்க. எத்தன பலத்துல அறுபடுதோ, அதுதான் அந்த நூலோட தரம்."

"அறுத்தாத்தான் தெரியுமா?"

"அறுக்காம எப்படிங்க தெரியும்?"

"எல்லாக் கோனையும் அறுப்பீங்களா?"

"அதெப்படி? நூத்துக்கு ஒண்ணு எடுப்போம். மீதி தொண்ணூத்தொம்பது விக்கறதுக்கு வேணுமில்ல?"

"இன்னிக்கு எத்தன சுட்டீங்க?"

சென்னியப்பன் தட்டைப் பார்த்தார். இரண்டு துண்டாகக் கிடந்த குக்கீயைப் பார்த்தார்.

"ஒண்ணுதானுங்க."

ஜெசிந்தா உடைந்த துண்டில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டாள்.

சனிக்கிழமை அவர் ஓவன் பக்கமே போகவில்லை. வீட்டைக் கூட்டினார். கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினார். போனைக் கையில் எடுத்தார், வைத்தார், எடுத்தார். ருக்குமணியின் பெயரைத் தொடுவதற்கு விரல் துடித்தது. அன்று முழுக்க ஒரே ஒரு தடவைதான் போட்டார். அவள் எடுக்கவில்லை. சரி என்று வைத்துவிட்டார். அவருக்கு அது மலையைப் புரட்டிய வேலை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து இருபதுக்கு உருண்டையை உள்ளே தள்ளினார். கொல்லைப்பக்கம் போய்க் குழாயடியில் நின்றுகொண்டார். நல்ல வாசனை வந்தது. கால் தானாக உள்ளே திரும்பியது. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். பத்து முப்பத்தெட்டுக்குத் தட்டை எடுத்து மேடையில் வைத்தார். நடுவில் வெளுப்பாக, தொட்டால் ஒட்டுகிற மாதிரி இருந்தது. தோசைத் திருப்பியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் எறிந்தார்.

அடுத்த நிமிடமே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ருக்குமணி இருபது நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாள்.

இளைத்திருந்தாள். அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. தோளில் ஒரு பை. உள்ளே வந்தவள் வாசனை பிடித்து நேரே சமையலறைக்குப் போனாள்.

"இதென்னுங்க?"

"குக்கீ. நான் சுட்டேன்."

குனிந்து பார்த்தாள். "நடுவுல வேகலியே."

"ம்."

"அடியில பாத்தீங்களா?"

"இல்ல."

"திருப்பிக்கூடப் பாக்கலியா?"

"இல்ல ருக்கு. சித்த நேரம் அப்படியே கெடக்கட்டும்."

ருக்குமணி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"உடம்பு நல்லாத்தானே இருக்குது உங்களுக்கு?"

"நல்லாத்தான் இருக்குது."

அவள் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். சேலை எடுக்க பீரோ பக்கமும் போகவில்லை. சென்னியப்பன் எதிரே உட்கார்ந்தார். எழுந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உட்கார்ந்தார். இருப்பியா, போயிருவியா? அந்த ஒரே கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். மறுபடி வந்தது.

"அண்ணன் நல்லா இருக்காரா?"

"இருக்காரு."

"அண்ணி?"

"இருக்காங்க."

அவள் தண்ணீரை மெல்லக் குடித்தாள். பாதி குடித்துவிட்டுத் தம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். அதிலிருந்து என்னவென்று கண்டுபிடிப்பது? அவருக்கு வேர்த்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஒரு நிமிசம் ருக்கு. மேல ஒரு சந்தேகம் கேட்டுட்டு ஓடியாறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினார்.

ஜெசிந்தா ஒரு கேக்கின் மேல் கிரீம் வைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"அம்மிணி, ஓவனத் திறக்கலீங்க. குக்கீயத் தொடக்கூட இல்ல."

"நல்லது."

"அவ வந்துட்டா."

"நல்லது."

"பைய மடியிலயே வெச்சுட்டு உக்காந்திருக்கா. சேலையும் எடுக்கப் போகல. இருக்கறதுக்கு வந்திருக்காளா, போறதுக்கு வந்திருக்காளா, ஒண்ணும் புரியலீங்க. வாயத் தொறந்து கேட்டுரட்டுங்களா?"

ஜெசிந்தா கேக்கைத் திருப்பி, அடுத்த பக்கம் கிரீம் வைத்தாள்.

"கேட்டு, போறேன்னு சொல்லிட்டான்னா? கேக்காமயும் இருக்க முடியலீங்க. உள்ள கெடந்து அரிக்குது. அவ இல்லாம இன்னொரு நாப்பது நாள் இந்த வீட்டுல என்னால முடியாது அம்மிணி. நெஜமா முடியாது. நீங்களே ஒரு வழி சொல்லுங்க." சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஜெசிந்தா கிரீம் பையைக் கீழே வைத்தாள்.

"இப்பம் கீழ அவங்க கூட யாரு இருக்கா?"

"யாரும் இல்லீங்க. தனியாத்தான் உக்காந்திருக்கா."

"பின்ன நீங்க ஏன் அங்கிள் இங்க நிக்கீங்க?"