ஆறாம் கணினியின் மௌனம்

கேள்வி கேட்பவர் சில வேளைகளில் செயலை முடித்துவிட்டே கேட்கிறார். அன்று காலை எட்டு மணிக்குத் திருமலைக்கொழுந்து கேட்டதும் அத்தகைய கேள்விதான்.

அவர் தொலைபேசி நிலையத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊருக்கு வெளியே இருந்த பார்வையற்றோர் பயிற்சிப் பள்ளியில் கணினிகளைப் பராமரிக்கத் தாமாகவே முன்வந்து, அங்கிருந்த ஆசிரியர் அருளப்பனிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். அருளப்பன் அவரைவிட இருபது வயது இளையவர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மாணவர் ஆசிரியரை 'சார்' என்றும், ஆசிரியர் மாணவரை 'அண்ணாச்சி' என்றும் அழைப்பது அங்கே எவருக்கும் வேடிக்கையாகத் தோன்றியதில்லை.

அன்று பத்து மணிக்குத் தேர்வு. மாவட்ட உதவி மையம் ஒன்றில் தொலைபேசிப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள். எழுதுவோர் பள்ளியில் பயிலும் ஆறு பேர், கணினிகளும் ஆறு. திரையில் தோன்றும் எழுத்தைக் குரலாகப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒவ்வொன்றிலும் உண்டு. அந்தக் குரலைக் காதில் கேட்டபடியே அவர்கள் தட்டச்சு செய்ய வேண்டும். ஆறு பேரில் இசக்கியம்மாளுக்கு அடுத்த மாதம் வயது வரம்பு முடிகிறது. சென்ற முறை ஆறாம் கணினி திணறித் திணறி நின்றதில் அவள் நான்கு நிமிடங்களை இழந்தாள். அதனால் வேலையையும் இழந்தாள். அதற்குத் தாமே பொறுப்பு என்று கொழுந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஓட்டினால் கணினி வேகமாகுமாம். ஓட்டலாமா? ஆபத்து உண்டா?"

ரெஜிஸ்ட்ரி என்பது கணினி தனக்கென வைத்திருக்கும் பதிவேடு. எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, எது எதனோடு சேர்ந்து இயங்க வேண்டும் என்ற குறிப்புகள் அதில் இருக்கும்.

"அந்த மென்பொருள் என்ன சொல்கிறது?" என்று ஆசிரியர் கேட்டார்.

"ஒரு கணினியில் மட்டும் தொள்ளாயிரத்துப் பதினான்கு பிழைகள் என்கிறது. அதுவும் சிவப்பு எழுத்தில்."

"சிவப்பைக் கண்டு அஞ்சும் வசதி எனக்கு இல்லை, அண்ணாச்சி."

கொழுந்து சிரிக்கவில்லை. ஆசிரியர் எழுந்து அவரை வராந்தாவுக்கு அழைத்துச் சென்றார். மூன்றடி உயரத்தில் அமைந்த நீண்ட வராந்தா, கைப்பிடிச் சுவர் கிடையாது, கடைசியில் படிகள். தேர்வு எழுதும் பிள்ளைகள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள்.

"நான் படிவரை நடக்கிறேன். கடிகாரத்தைப் பாருங்கள்."

கைத்தடி இல்லாமலேயே அவர் விரைந்து நடந்தார். பத்தொன்பது வினாடி ஆயிற்று. திரும்பி வந்ததும், இந்த வராந்தாவில் தேவையற்றது என்று உங்களுக்குத் தோன்றும் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள், என்னை எதுவும் கேட்காதீர்கள் என்றார்.

கொழுந்து சுற்றிலும் பார்த்தார். தூண் ஓரமாக ஓர் அரைச் செங்கல். தூண்களுக்கு இடையே ஒரு பழைய கயிறு. ஆணியில் தொங்கிக் காற்றில் டொக் டொக்கென்று ஆடும் துருப்பிடித்த தகர டப்பா. படிக்கு முன்னே தரையில் ஒரு கிழிந்த சாக்கு. அனைத்தையும் எடுத்துக் கிணற்றடியில் போட்டார். வராந்தா துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று.

"சுத்தமாகிவிட்டதா?"

"ஆகிவிட்டது, சார்."

"இப்போதும் கடிகாரத்தைப் பாருங்கள்."

ஆசிரியர் நடந்தார். முதல் நான்கு அடிகள் முன்போலவே விழுந்தன. பிறகு தயங்கின. அவர் கை காற்றில் எதையோ தேடியது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, கேட்காத ஒலி ஒன்றுக்காகக் காத்திருந்தது. கொழுந்து வினாடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து. இருபத்தெட்டு. நிமிர்ந்தபோது ஆசிரியர் வராந்தாவின் விளிம்பில் நின்றார். படிக்கு நேராக அல்ல. அதற்கு இரண்டடி இடப்புறம், கீழே கருங்கல் சரளை கொட்டிக் கிடந்த பக்கம். வலது கால் மேலே எழுந்துவிட்டது.

கொழுந்து ஓடிச்சென்று அவர் தோளைப் பற்றி இழுத்தார். இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எத்தனை வினாடி?" என்று ஆசிரியர் கேட்டார்.

"முப்பத்தொன்று." கொழுந்து அவர் தோளை இன்னும் விடவில்லை. "சார், சாக்கு படிக்கு அடையாளம் என்று சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேட்கவில்லை."

"கேட்காதீர்கள் என்றீர்களே."

"உங்கள் மென்பொருள் யாரைக் கேட்கிறது?"

கொழுந்து எழுந்தார். எடுத்தவற்றையெல்லாம் கிணற்றடியிலிருந்து சுமந்து வந்தார். செங்கல் எந்தத் தூணருகே இருந்தது என்பது நினைவில்லை. சாக்கைச் சுமாராக ஓரிடத்தில் விரித்தார். ஆசிரியர் காலால் தடவிப் பார்த்து, அதை ஒரு சாண் வலப்புறம் நகர்த்தினார்.

"சுமாரான இடத்தில் கால் வைக்க முடியாது, அண்ணாச்சி."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எத்தனை கணினிகளில் அதை ஓட்டிவிட்டீர்கள்?"

மணி எட்டே முக்கால். கொழுந்து தரையைப் பார்த்தார்.

"ஒன்றில். ஆறாவதில். ஆனால் கெடுதல் ஏதும் இல்லை, சார். திரை பளிச்சென்று வந்தது. சுட்டி ஓடியது. எல்லாவற்றையும் நானே பார்த்தேன்."

"பார்த்தீர்கள். கேட்டீர்களா?"

கொழுந்து வகுப்பறைக்கு ஓடினார். ஆறாம் கணினி ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஹெட்போன் எனும் காதுபொறியை எடுத்து மாட்டி ஒரு விசையை அழுத்தினார். அடுத்த விசையை அழுத்தினார். கடிதம் எழுதும் பக்கத்தைத் திறந்து இசக்கியம்மாள் என்று அடித்தார். எழுத்துகள் திரையில் வந்தன. காதில் ஒன்றும் வரவில்லை.

ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். நீக்குவதற்கு முன் பிரதி எடுத்து வைக்கவா என்று அந்த மென்பொருள் கேட்டதா என்று விசாரித்தார். கேட்டது என்றும், நேரமாகுமே என்று தாம் வேண்டாம் என அழுத்தியதாகவும் கொழுந்து சொன்னார்.

"தமிழ்க் குரலை நான் வழக்கமான இடத்தில் வைக்கவில்லை. அதன் குறிப்பு அந்த மென்பொருளுக்கு விளங்கியிருக்காது," என்றார் ஆசிரியர். "வெள்ளிக்கிழமை மாலை ஆறு கணினிகளிலும் மீட்புப் புள்ளி குறித்து வைத்தேன். அது மிஞ்சியிருந்தால் கணினி அந்த மாலைக்குத் திரும்பும். உட்காருங்கள். இது ஊமையாகிவிட்டது, இனி உங்கள் கண்தான் எனக்குக் காது."

ஆசிரியர் விசைகளைச் சொன்னார். கொழுந்து அழுத்தித் திரையைப் படித்தார். இரண்டு முறை தவறாகப் படித்தார். மூன்றாம் முறை, வெள்ளிக்கிழமை என்ற வரி பட்டியலில் இருந்தது. மீட்பு தொடங்கியபோது மணி ஒன்பதே கால். எவ்வளவு நேரமாகும் என்று திரை சொல்லவில்லை. அணைக்காதீர்கள் என்று மட்டும் சொன்னது.

காத்திருந்த வேளையில் ஆசிரியர் மற்ற ஐந்து கணினிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். கணினியை இயக்கியவுடன் தானாகவே எழுந்துகொள்ளும் மென்பொருள் ஒன்று எல்லாவற்றிலும் இருந்தது.

"தினசரி ராசிபலன் என்று ஒன்று ஓடுகிறதே. இதை வைத்தது யார்?"

"நான்தான், சார். பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்களே என்று."

"திணறலுக்குப் பாதிக் காரணம் இதுதான். எடுத்துவிடுங்கள். இதைப் பற்றி யாரையும் கேட்க வேண்டாம், வைத்தவர் நீங்கள்."

கொழுந்து ஐந்திலும் அதை நீக்கினார். கைகள் வேலை செய்தன. கண்கள் ஆறாம் திரையிலேயே இருந்தன.

ஒன்பதரைக்குத் தேர்வு அலுவலர் வந்தார். நிலைமையைக் கேட்டுக்கொண்டார். தேர்வைத் தள்ளிவைக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும், பத்து மணிக்கு எவருடைய கணினி இயங்கவில்லையோ அவர் வராதவராகவே குறிக்கப்படுவார் என்றும் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. விதியைப் படித்தார்.

அடுத்துப் பிள்ளைகள் வந்தார்கள். இசக்கியம்மாள் நேராக ஆறாம் இருக்கைக்கு வந்து அமர்ந்து, காதுபொறியை மாட்டி, விசையை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள்.

"அண்ணாச்சி, என் கம்ப்யூட்டர் இன்றைக்கு மௌன விரதமா?"

அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். கொழுந்து ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார். கொழுந்துவுக்காக அவர் பேசமாட்டார் என்பது அதில் தெரிந்தது.

"நான்தான் கெடுத்தேன், தாயீ. வேகமாகட்டும் என்று செய்தேன். குரல் போய்விட்டது. மீட்டுக்கொண்டிருக்கிறோம்."

அவள் சிரிப்பு நின்றது. கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரியாகிவிடுமா, சார்?" என்று ஆசிரியரிடம் கேட்டாள்.

"தெரியவில்லை, அம்மா."

ஒன்பது நாற்பது. மற்ற ஐவரும் தங்கள் கணினிகளைச் சரிபார்த்தார்கள். ஐந்து காதுபொறிகளிலிருந்து மெல்லிய குரல்கள் கசிந்தன. முதல் இருக்கையில் இருந்த பெண், என்னுடையதை எடுத்துக்கொள் அக்கா, எனக்கு வயது இருக்கிறது என்றாள். இசக்கியம்மாள் வேண்டாம் என்றாள்.

ஒன்பது ஐம்பது. திரை இருண்டது. கொழுந்து அருகே வந்து நின்றார். கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. வெள்ளிக்கிழமைத் திரை வந்தது. அதன் மூலையில் ராசிபலனும் வந்து நின்றது. அவர் எதையும் தொடவில்லை. இம்முறை அவர் திரையைப் பார்க்கவும் இல்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

அவள் ஒரு விசையை அழுத்தினாள். காத்திருந்தாள். அவள் புருவங்கள் தளர்ந்தன.

"பேசுகிறது," என்றாள். பிறகு, "அண்ணாச்சி, எனக்கு இன்று புதிய முயற்சிகளைத் தவிர்க்க வேண்டுமாம். கன்னி ராசி."

கொழுந்து ஆசிரியரிடம் அனுமதி கேட்காமல் குனிந்து அந்த ராசிபலனை நீக்கினார். அலுவலர் மணி அடித்தார்.

இருவரும் வராந்தாவில் நின்றார்கள். உள்ளே ஆறு விசைப்பலகைகளின் ஓசை கேட்டது. ஆறாவதன் ஓசை எங்கேனும் நிற்கிறதா என்று இருவரும் கவனித்தார்கள். கால் மணி நேரமாகியும் அது நிற்கவில்லை.

அதன் பின்பே கொழுந்து வாய் திறந்தார்.

"சார், தொள்ளாயிரத்துப் பதினான்கு பிழைகள் என்று அந்த மென்பொருள் என்னிடம் பொய் சொல்லிவிட்டதா?"

"இல்லை, அண்ணாச்சி. தனக்குத் தெரியாதவை எத்தனை என்று எண்ணிச் சொன்னது."