இழை இல்லாத பை

நஞ்சப்பன் சோமனூரில் ஆயுசெல்லாம் தறி ஓட்டியவர். எந்தத் துணி கையில் கிடைத்தாலும் ஓரத்தில் ஓர் இழையை உருவிப் பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஆசிரமத்துக்கு வந்து சீடரான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. குருவின் துண்டில்கூட உருவியிருக்கிறார். குரு அமிர்தவல்லி அவரைவிட ரொம்ப இளையவர், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

அன்று நஞ்சப்பனின் ஒரே மகள் கோகிலா, புதுமனை புகுவிழாவுக்கு அழைக்க வந்தாள். பை நிறையச் சாத்துக்குடி. வாசக்கால் வைத்த நாளைக்கூடத் தன்னைக் கேட்கவில்லையே என்று மனுஷர் வெடித்தார். அவள் பழத்தை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள்.

மனசு ஆறாமல் அவர் பழப்பையைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனார்.

“எதையுமே கேட்காதவ எப்படிங்க தாயி எனக்குப் பொண்ணா இருப்பா? நெடுக்க ஓடற பாவுக்குள்ள குறுக்க ஓடற ஊடை கட்டுப்பட்டு நின்னாத்தானுங்களே துணி!”

குரு பழங்களைக் கூடையில் கொட்டிவிட்டு, வெறும் பையை நீட்டினார்.

“இதுல ஓர் இழை உருவிக் குடுங்க.”

இதென்ன பிரமாதம் என்று வாங்கினார். ஓரத்தை நகத்தால் கீறினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். பாவும் இல்லை, ஊடையும் இல்லை. நார் தன் இஷ்டத்துக்குக் கிடந்தது.

“கல்யாணத்துல தாம்பூலம் போட்டுக் குடுக்கறது, ஆஸ்பத்திரியில மூஞ்சிக்குக் கட்டறது, எல்லாம் இதே சமாச்சாரந்தான். ஆனா இதை நெய்யவே இல்லீங்களே!”

“அப்புறம் எப்படிப் பிரியாம இருக்குது?”

கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பையை முகத்தருகே கொண்டுபோனார். பை முழுக்கப் பொடிப் பொடியாய்ப் புள்ளிகள்.

“சூடு வச்சு அமுக்கியிருக்காங்க, தாயி! புள்ளியில மட்டும் நாரு உருகி ஒட்டிக்கிட்டிருக்குது. மத்த இடத்துல அதுபாட்டுக்குக் கிடக்குது.”

“முழுசும் ஒட்டிட்டா இன்னும் கெட்டியா இருக்குமே?”

“ஐயோ, அப்புறம் அது துணியாங்க? அட்டையாட்டம் வெறைச்சுப் போயிரும். மடிச்சா ஒடைஞ்சிரும்.”

சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியது.

பையை மடித்துக்கொண்டே கேட்டார்.

“எனக்கும் எம் பொண்ணுக்கும் நடுவுல ஒட்டின இடம் ஒண்ணாச்சும் இருக்குதுங்களா?”

“பேச்சு வாங்குவோம்னு தெரிஞ்சும் அழைக்க வந்தாளே, அது ஒண்ணு. அடுத்ததை நீங்க வைக்கோணும். பஸ் இன்னும் வரலை.”