பதினோராவது வளைவில் கொதித்த ஜீப்

"தண்ணிக்கு ஒரு தடையும் இல்லாம பண்ணிட்டேன் தாயி. அப்பவும் இந்தச் சனியன் கொதிக்குதே, ஏன்?"

கேட்டவன் காசிமாயன். மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவன். வயது நாற்பத்தெட்டு.

பதில் சொல்ல வேண்டியவள் பவுன்தாய். அடிவாரத்தில் பட்டறை வைத்திருப்பவள். அவனைவிடப் பதினைந்து வயது சின்னவள். தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டுமென்று ஒரு மாதமாக அவளிடம்தான் வேலை கற்கிறான்.

மூன்று நாளாக ஜீப் பதினோராவது வளைவில் புகைந்து நின்றது. பெண்கள் மீதி மலையை நடந்தே ஏறினார்கள். பிந்திப் போனதால் அரை நாள் கூலிதான்.

இன்று காலை அந்தப் பெண்களில் ஒருத்தியான ஒச்சம்மாள் சொல்லிவிட்டாள்: "நாளைக்கும் நிப்பாட்டினா நாங்க வேற ஜீப்பு. உன் மூஞ்சிக்காக எத்தனை நாளுய்யா நடக்கிறது?"

"என்ன தடைய எடுத்தீங்க?" என்றாள் பவுன்தாய்.

"இன்ஜின் வாசல்ல தண்ணிய மறிக்கிற ஒரு வால்வு இருக்குமே, தெர்மோஸ்டாட்டு. நாலு நாளைக்கு முந்தி பிடுங்கிட்டேன்."

"ஏன்?"

"அது குளிர் நாட்டுக்காரனுக்கு. நம்ம வெயிலுக்கு எதுக்கு? எல்லா டிரைவரும் அப்படித்தான் சொல்றாங்க."

பவுன்தாய் சிரித்தாள்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே."

சூடு காட்டும் முள் ஏறும்வரை இன்ஜின் ஓடியது. இன்ஜினிலிருந்து கிளம்பி இன்ஜினுக்கே திரும்பும் சின்ன ரப்பர் குழாயைக் காட்டினாள்.

"தொடுங்க."

தொட்டான். "ஆத்தாடி!" என்று கையை உதறினான்.

"இப்ப இதை."

தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டருக்குப் போகும் பெரிய குழாய். பிடித்தான். பிடித்தபடியே நின்றான்.

"இதுல பச்சப்புள்ளையக் குளிப்பாட்டலாமே!"

"தண்ணி ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"எங்க போகுது?"

காசிமாயன் இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

பவுன்தாய் ஸ்டவ்வில் ஒரு சட்டித் தண்ணீர் வைத்தாள். புது வால்வு ஒன்றை எடுத்து உள்ளே போட்டாள்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

"ஒண்ணும் நடக்கலையே, தாயி."

"சூடு வரட்டும்."

தண்ணீர் கொதிக்கப் போகும் நேரம். வால்வின் மேல்வாய் மெல்லத் திறந்தது. அதே சமயம் அடியிலிருந்த வட்டத் தட்டு கீழே இறங்கியது.

"மேல பெரிய வழி திறக்குது. அந்தத் தட்டு எதுக்குக் கீழ போகுது?" என்றாள் பவுன்தாய்.

காசிமாயன் ஜீப்பிடம் போனான். வால்வு உட்காரும் இடத்தை மனதுக்குள் பார்த்தான். அவன் விரல் தானாகச் சின்னக் குழாயின் பக்கம் போய் நின்றது.

"அட! சூடானதும் அந்தத் தட்டு இந்தச் சின்ன வழிய அடைக்குது; நான் பிடுங்கினதால தண்ணி ஆறப் போகாம இதுலயே சுத்தியிருக்கு!" என்றான்.

ஜீப் ஆறியதும் வால்வை அவனே மாட்டினான். அவள் ஒரு ஸ்பேனர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"நாளைக்கு நீயும் கூட வாயேன்."

"நான் எதுக்கு? பதினோராவது வளைவு உங்களுதுண்ணே."

மறுநாள் காலை. ஜீப்பில் பன்னிரண்டு பெண்கள்.

பத்தாவது வளைவு தாண்டியதும் முள் ஏறியது. யாரும் சொல்லாமலே தூக்குவாளிகள் மடிக்கு வந்தன.

"இந்தா, நம்ம எறங்குற எடம் வந்துருச்சு," என்றாள் ஒச்சம்மாள். பின்னால் ஒருத்தி காலையே வெளியே தொங்கப் போட்டாள்.

காசிமாயனின் பாதம் பிரேக்கைத் தேடியது.

"யாரும் காலைக் கீழ வைக்காதீங்க!"

பாதத்தை இழுத்துக்கொண்டு கியரைக் குறைத்தான். முள் இன்னும் ஒரு மயிரிழை ஏறியது. நின்றது. மெல்ல இறங்கியது.

பதினோராவது வளைவு பின்னால் போனது. பன்னிரண்டாவதும் போனது.

ஒச்சம்மாள் முன் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா செஞ்ச? புது இன்ஜினா?"

"இல்லக்கா. நான் பிடுங்கிப் போட்ட வால்வுக்குப் பதிலா புதுசு மாட்டினேன்."

"அப்ப மூணு நாளா எங்கள நடக்க விட்டது இந்த மலை இல்லையா? நீதானா?"

"ஆமாக்கா," என்றான் காசிமாயன்.