கேட்காதவனுக்கு வகுப்பில் இடமில்லை

வெள்ளாற்றூரை மாறப்ப பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். ஒரே ஒரு கோளாறு. கடைசியாக யார் வந்து பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு.

அரண்மனையை ஒட்டி ஒரு கலாசாலை இருந்தது. நாளைக்கு ஏரி, வாய்க்கால், நிலவரி எல்லாம் பார்க்கப் போகிற வாலிபர்கள் அங்கே படித்தார்கள். தலைமை ஆசான் திரிலோகநாதர். அவர் பாடம் சொன்னால் ஒரு பையன் இருமக்கூட மாட்டான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சாகப் பேசுவார். பிறகு கண்ணைத் திறந்து, "விளங்கியதா?" என்பார். அத்தனை தலையும் பூம்பூம் மாடு மாதிரி ஆடும். அவ்வளவுதான், பாடம் முடிந்தது!

பக்கத்து அறையில் இளைய ஆசான் தேனப்பன். அங்கே தினமும் சந்தைக்கடைதான். "நீங்கள் எல்லாம் மேல்மடைக்காரர்கள். நீங்கள் கடைமடைக்காரர்கள். ஏரியில் தண்ணீர் பாதிதான் இருக்கிறது. நியாயத்தைப் பேசுங்கள்!" என்று பையன்களை இரண்டு கட்சியாகப் பிரித்து விட்டுவிடுவான். அவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். நடுவில் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவான். "ஐயா, தப்பு!" என்று நாலு பேர் பாய்வார்கள். "அப்படியா? நீயே வந்து சரியாகப் போடு பார்ப்போம்" என்று ஒன்றும் தெரியாதவன்போல ஒதுங்கி நின்றுகொள்வான்.

திரிலோகநாதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே ராஜாவிடம் போனார்.

"அரசே, கலாசாலையா அது? கள்ளுக்கடை! அந்தத் தேனப்பனுக்குப் பையன்களை அடக்கத் தெரியவில்லை."

கடைசியாகப் பேசியவர் அவர்தானே? ராஜா உடனே உத்தரவு போட்டார். "நாளை முதல் ஆசான் சொல்ல வேண்டும், மாணவர்கள் கேட்க வேண்டும். கேட்காதவனுக்கு வகுப்பில் இடமில்லை. மீறுகிற ஆசானுக்கு வேலை இல்லை. காலையில் நானே வந்து பார்ப்பேன்!"

தேனப்பனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். 'அரண்மனை உத்தியோகம்' என்ற ஒரே காரணத்துக்காகப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார் மாமனார். வேலை போனால் பெண்ணும் போச்சு! அதற்காகப் பையன்களின் வாயைப் பூட்டவும் அவனுக்கு மனசு வரவில்லை. பாவம், என்ன செய்வான்? அரசவையில் குறும்புக்குப் பேர்போன கூத்தபிரான் வீட்டுக்கு ஓடினான்.

"அண்ணா, என் கதை முடிந்தது!"

கூத்தபிரான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "முதலில் உட்கார். உத்தரவு என்ன? ஒரு சொல் விடாமல் சொல்."

சொன்னான். கூத்தபிரான் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட அசடே! ராஜா உன் பக்கம்தான் உத்தரவு போட்டிருக்கிறார். நீ வழக்கம்போலவே நடத்து. நாளைக்கு நானும் வருகிறேன்."

தேனப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் வேறு வழி?

மறுநாள் ராஜா வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் திரிலோகநாதரும் கூத்தபிரானும். உள்ளே ஒரே அமர்க்களம்.

"ஐயா, மதகை ஏன் கரைக்கு அடியில் வைக்கிறோம்?"

"ஐயா, தண்ணீரே வராத வயலுக்கு ராஜா ஏன் வரி வாங்குகிறார்?"

ராஜாவின் மீசை துடித்தது. "தேனப்பா! என் உத்தரவு என்ன ஆயிற்று?"

கூத்தபிரான் முன்னால் வந்தார்.

"அட்சரம் பிசகாமல் நடக்கிறது அரசே! கேட்க வேண்டும் என்றீர்கள். கேட்கிறார்கள். கேட்காத ஒருவனைக் காட்டுங்கள், இப்போதே வெளியே அனுப்பிவிடுவோம்."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரிலோகநாதருக்கு வரவில்லை.

"இதெல்லாம் வாய்ஜாலம் அரசே! கேட்பது என்றால் காதால் கேட்பது. என் வகுப்புக்கு வந்து பாருங்கள்."

எல்லாரும் போனார்கள். அங்கே அப்படி ஒரு அமைதி. தேனப்பனுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"ஆசானே, இவ்வளவு நல்ல பிள்ளைகளுக்கு நானும் கொஞ்சம் பாடம் சொல்லட்டுமா?" என்றார் கூத்தபிரான்.

"தாராளமாக! யார் சொன்னாலும் என் பிள்ளைகள் கேட்பார்கள்."

கூத்தபிரான் நடுவில் போய் நின்றார். கண்ணை மூடினார். திரிலோகநாதரின் குரலிலேயே ஆரம்பித்தார்.

"ஏரிக்கரைக்கு வாதம் வந்தால் மதகுக்குக் கஷாயம் கொடுக்க வேண்டும். கஷாயம் கசந்தால் வாய்க்கால் வடக்கே திரும்பித் தும்மும். அந்தத் தும்மலை மரக்காலால் அளந்து, மூன்றில் ஒரு பங்கைத் தவளைகளுக்குக் கழித்தால் மிச்சம் நிலவரி. விளங்கியதா?"

அத்தனை தலையும் ஆடியது. தன் வகுப்பின் ஒழுங்கைப் பார்த்துப் பூரித்துப்போயிருந்த திரிலோகநாதரின் தலையும் ஆடியது. சபையில் யார் பேசினாலும் தலையாட்டிப் பழகிய தோஷம், ராஜாவின் கிரீடமும் மேலும் கீழும் அசைந்தது!

கூத்தபிரான் முன்வரிசைப் பையன் ஒருவனைப் பார்த்தார். "தம்பி, தவளைக்கு எதற்கப்பா மூன்றில் ஒரு பங்கு?"

அவன் திருதிருவென்று விழித்தான். "ஆசான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் ஐயா."

ராஜா தன் தலையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அதெல்லாம் கிடக்கட்டும் கூத்தபிரான். நான் ஏனய்யா தலையாட்டினேன்?"

"ஆஹா! இந்த வகுப்பில் முதன்முதலாகக் கேட்டவர் தாங்கள்தான் அரசே!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. "தேனப்பா, உன் வேலை உனக்குத்தான். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணமாமே, பந்தல் என் செலவு!" என்றார். தேனப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ராஜா திரும்பினார். "திரிலோகநாதரே, நாளை முதல் நீரும் தேனப்பன் வகுப்பில் போய் உட்காரும்."

திரிலோகநாதர் பதறிப்போனார். "நானா? ஏன் அரசே? எத்தனை நாளைக்கு?"

கூத்தபிரான் கைதட்டினார். "அடேயப்பா! ஒரே மூச்சில் மூன்று கேள்வி! தேனப்பா, இவருக்கு முன்வரிசையில் இடம் போடு!"