பெட்டியில் கிடந்த பல்பு

"சூசை இங்கே வரக்கூடாது அம்மா," என்றார் கோட்டைச்சாமி.

மடத்துத் தலைவி தையல்நாயகி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"என்ன சொல்லி அனுப்பியிருக்கிறார்?"

"நாளைக்கு ஊரைக் காலி பண்ணி மகள் வீட்டுக்குப் போறானாம். வடக்கே எங்கேயோ. இனிமே திரும்ப மாட்டானாம். போறதுக்கு முன்னால இன்னைக்குக் குருபூஜைக்கு வந்து என்னை ஒரு தடவை பார்க்கணுமாம். பால்கார மருதுகிட்ட சொல்லி விட்டிருக்கான். மருது பதில் கேட்டு வாசல்ல நிக்கிறான்."

"நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து லைட் செட் வைத்திருந்தீர்கள் இல்லையா?"

"வச்சிருந்தோம். ஒரு திருவிழாவில லைட்டெல்லாம் அணைஞ்சு போச்சு. ஊரே என்னைப் பிடிச்சுத் திட்டுது. இவன் பக்கத்திலேயே நிக்கிறான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எனக்காகப் பேசல. அன்னைக்கோட முடிஞ்சுது."

"ஏன் பேசவில்லை என்று கேட்டீர்களா?"

"கேட்டா என்ன சொல்லப் போறான்? அவனை எனக்குத் தெரியாதா? வெறும் கல்லு."

தையல்நாயகி ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"சரி. பந்தல் விளக்கு என்ன ஆயிற்று?"

"அதுவும் விளங்காது. பல்பு வித்தவன் ஏமாத்திட்டான்."

அப்போதுதான் தையல்நாயகி நிமிர்ந்தார்.

கோட்டைச்சாமி பள்ளிக்கூடத்தைச் சின்ன வயதிலேயே விட்டவர். மடத்தில் வயர் இழுப்பார், ஃபியூஸ் கட்டுவார். கணக்கு மட்டும் வராது. தையல்நாயகி அவரைவிட வயதில் மிகவும் இளையவர். மடத்துக்கு வருமுன் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். அவர்தான் பொறுமையாகச் சொல்லித் தந்தார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, அது ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்.

அன்று முதல் கோட்டைச்சாமி சோற்றில் கை வைக்குமுன் அம்மா இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். தையல்நாயகி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். இவர் கேட்கவில்லை. பகையை எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாரோ, அப்படித்தான் நன்றியையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி ஏமாற்றினான்?"

"பல்புல நூறு வாட்டுன்னு போட்டிருக்கு. நான் காலையில மீட்டர் வச்சு அளந்தேன். தடை முப்பத்தெட்டு ஓம்தான். இருநூத்தி முப்பது வோல்ட்டை அதால வகுத்தா ஆறு ஆம்பியர். பெருக்கினா ஆயிரத்து நானூறு வாட்டு கிட்ட வருது. ஒரு பல்புக்கு! நம்ம ஜெனரேட்டர் இதுல ரெண்டைக் கூடத் தாங்காது. பந்தலுக்குப் பத்து வேணும். சாப்பிட வர்ற சனம் இருட்டுலதான் உட்காரணும்."

"வகுத்தது சரி. பெருக்கினதும் சரி."

"நீங்க சொல்லிக் கொடுத்தது. தப்புமா?"

"ஒரு பல்பை எடுத்து வாருங்கள். ஆம்பியர் மீட்டரையும்."

கோட்டைச்சாமி ஜெனரேட்டரை இழுத்து ஓடவிட்டார். பல்புக்கு வரும் கம்பியின் நடுவே ஆம்பியர் மீட்டரைக் கோத்து, பல்பை மாட்டினார். ஃபியூஸ் போகும் என்று எதிர்பார்த்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

பல்பு எரிந்தது.

"எத்தனை ஆம்பியர்?"

கோட்டைச்சாமி கிட்டே போய்ப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"அரை கூட இல்லையே அம்மா. பாயிண்ட் நாலு மூணு."

"பெருக்குங்கள்."

தரையில் கரித்துண்டால் எழுதிப் பெருக்கினார். நேரமாயிற்று. தையல்நாயகி காத்திருந்தார்.

"தொண்ணூத்தி ஒன்பது வாட்டு."

"இப்போது வகுங்கள்."

இதற்கு இன்னும் நேரமாயிற்று.

"ஐந்நூத்துச் சொச்சம் ஓம். முப்பத்தெட்டு எங்கே, இது எங்கே? எந்த மீட்டர் பொய் சொல்லுது?"

"இரண்டும் பொய் சொல்லவில்லை. காலையில் அளக்கும்போது பல்பு எங்கே இருந்தது?"

"பெட்டிக்குள்ள கிடந்துச்சு. எடுத்து அளந்தேன்."

"தொட்டுப் பார்த்தீர்களா?"

"ஜில்லுனு இருந்துச்சு."

"இப்போது தொடுவீர்களா?"

"கை வெந்துடும்."

"உள்ளே இருக்கும் கம்பி சூடேறினால் அதன் தடையே வேறு. கரண்ட் போகாமல் கிடந்தபோது அளந்தீர்கள். எரியும்போது அது எப்படி இருக்கும் என்று நீங்களாகச் சொன்னீர்கள்."

"அப்போ, எரியும்போது எப்படி இருக்கும்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கிறது?"

"எரியவிட்டுத்தான்."

தையல்நாயகி கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தார்.

கோட்டைச்சாமி அந்த வெளிச்சத்திலேயே நின்றார். தரையில் கரியில் எழுதிய கணக்கைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். ஜெனரேட்டர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலிலிருந்து மருது குரல் கொடுத்தான்.

"அண்ணே, நேரமாச்சு. சூசை அண்ணன் மூட்டையெல்லாம் கட்டி வச்சுட்டு உட்கார்ந்திருக்காரு. வரச் சொல்லவா, வேணாங்கவா? ஏதாவது ஒண்ணு சொல்லி விடுங்க."

கோட்டைச்சாமி அடுக்களை இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சோற்று நேரம் இன்னும் ஆகவில்லை.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்டா, நானே வந்து அவன்கிட்ட கேட்டுக்கிறேன். வண்டியில பால் கேனைக் கொஞ்சம் தள்ளிக் கட்டு. பின்னால நானும் உட்காரணும்."