முதலையக்காவின் பரிசல் வகுப்பு

ஒரு காட்டில் ஒரு யானைக்குத் தண்ணீர் என்றால் பயம். சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, பக்கத்தில் போய்ச் சிரித்தால் தெரியும் சேதி. அந்தக் காட்டுக்கு அதுதான் தலைவர். குளித்து எத்தனை வருஷமாயிற்றோ, அதற்கே நினைவில்லை.

காட்டை ஒட்டி ஓர் ஆறு ஓடியது. மழைக்காலம் வந்தால் ஆறு பெருகிக் காட்டுக்குள் நுழைந்துவிடும். அக்கரை மேட்டுக்குப் போய்விட்டால் பிழைக்கலாம். போவதற்குப் பரிசல் வேண்டும். மூங்கிலைப் பிளந்து, பெரிய கூடை மாதிரி வட்டமாகப் பின்னிய படகுதான் பரிசல்.

அந்தக் காட்டில் மூங்கில் கொள்ளை கொள்ளையாக வளர்ந்தது. ஆனால் பின்னத்தான் ஒருவருக்கும் தெரியாது. மிருகங்கள் வருஷா வருஷம் பரிசலை விலைக்கு வாங்கின. யாரிடம் என்கிறீர்கள்? ஆற்றில் இருந்த முதலையிடம்!

"என்கிட்ட பரிசல் வாங்கினவங்க யாராவது திரும்பி வந்து குறை சொல்லியிருக்காங்களா?" என்று முதலை பெருமையாகக் கேட்கும்.

வாஸ்தவம்தான். திரும்பி வந்தால்தானே குறை சொல்ல!

அந்த வருஷம் முயலுக்கு நாலு குட்டிகள் பிறந்திருந்தன. மேகம் கறுப்பதைப் பார்த்ததும் அதற்குத் தன் தங்கை நினைவு வந்தது. போன மழையில் அதன் தங்கை, முதலை விற்ற பரிசலில் ஏறிப் போனது. அக்கரை போய்ச் சேர்ந்ததாகச் சேதியே இல்லை.

முயல் யானையிடம் ஓடியது. "மாமா, என் குட்டிங்களை நான் அந்தப் பரிசல்ல ஏத்த மாட்டேன். இந்தத் தடவை நாமளே செய்வோம். மூங்கில் நம்ம மூங்கில். கத்துக்கிட்டா ஆச்சு!"

யானைக்கு யோசனை பிடித்துப்போயிற்று. "ஆகா! நம்ம காட்டுல ஒரு தொழிற்சாலை! நான்தான் முதலாளி!"

"நான் மேனேஜர்!" என்று மரத்திலிருந்து குதித்தது குரங்கு.

"அப்ப வேலையை யார் செய்யறது?" என்றது முயல்.

யானையும் குரங்கும் திரும்பி முள்ளம்பன்றியைப் பார்த்தன.

"நானும் மேனேஜர்தான்" என்றது முள்ளம்பன்றி.

இந்தக் கூச்சல் முதலையின் காதில் விழுந்தது. அடடா, வியாபாரத்துக்கே உலை வைக்கிறார்களே! அது மெல்லக் கரையேறி வந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தது.

"கண்ணுங்களா, தொழில் கத்துக்க அக்கா நான் இல்லையா? காலையில வந்தா சாயங்காலம் முடிஞ்சிரும். ஆளுக்கொரு சான்றிதழும் கழுத்துல கட்டிவிடுவேன்."

சான்றிதழ் என்றதும் குரங்கு கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது. மறுநாளே வகுப்பு தொடங்கியது.

"முதல் பாடம். மூங்கிலைக் குருத்தோட, வேரோட பிடுங்கணும். ஒண்ணையும் மிச்சம் வைக்கக் கூடாது."

"அப்ப அடுத்த வருஷத்துக்கு?" என்றது முயல்.

"அடுத்த வருஷம் என்கிட்டயே வாங்கிக்..." என்று ஆரம்பித்த முதலை சட்டென்று வாயை மூடப் பார்த்தது. அவ்வளவு பெரிய வாய் மூடுவதற்குச் சற்று நேரம் ஆகும் அல்லவா? அதற்குள் குரங்கு பாதிப் புதரைப் பிடுங்கிவிட்டது.

"ரெண்டாவது பாடம். பரிசலுக்கு அடியில ஓட்டை போடணும்."

"ஓட்டையா?"

"உள்ள வந்த தண்ணி வெளிய போக வழி வேணாமா?"

"அட, ஆமா!" என்று யானை தும்பிக்கையால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டது. "இத்தனை நாள் இது நமக்குத் தோணலையே!"

முள்ளம்பன்றிக்கு ஓட்டை இலாகா கிடைத்தது. சும்மா சொல்லக் கூடாது, வேலையில் புலி. திரும்பி உட்கார்ந்து குத்து குத்தென்று குத்தித் தள்ளிவிட்டது. சாயங்காலம் பரிசல் தயார். அதில் மாவு சலிக்கலாம், அவ்வளவு அழகு.

முதலை சான்றிதழ் என்று ஆளுக்கோர் இலையைக் கழுத்தில் கட்டிவிட்டது. யானை ஆனந்தத்தில் அழுதேவிட்டது.

"முயலம்மா, முதல்ல உன் குட்டிங்களை ஏத்து" என்றது முதலை. "துணைக்கு நான் பக்கத்துலயே நீந்தி வர்றேன்."

முயல் ஓட்டைகளைப் பார்த்தது. "மாமா, இது முழுகிடும்" என்று யானையின் காதில் சொன்னது.

"சான்றிதழ் வாங்கின எங்களுக்குத் தெரியாததா?" என்று குரங்கு அதட்டியது.

இனி இதுகளிடம் பேசிப் பயனில்லை என்று முயலுக்குப் புரிந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தது. கரையோர மணலில் முதலை தன் முட்டைகளைப் புதைத்து வைத்திருந்தது. ஏறிவரும் ஆற்றுத் தண்ணீர் அந்த இடத்தைத் தொட்டுவிடும்போல் இருந்தது.

முயல் கை கூப்பியது. "அக்கா, சொல்லிக்கொடுத்த உங்களை விட்டுட்டு நாங்க முதல்ல ஏறலாமா? உங்க முட்டைங்கதான் முதல்ல மேட்டுக்குப் போகணும்."

"அதுதான் மரியாதை!" என்றது யானை. முதலை வாய் திறப்பதற்குள் முட்டைகளை மணலிலிருந்து பதமாக எடுத்துப் பரிசலில் அடுக்கியும்விட்டது. "குரங்கே, தள்ளு!"

"தள்ளாதே!" என்று அலறியது முதலை. "பாவிங்களா, அதுல ஓட்டை இருக்கு!"

"ஆமாக்கா, நீங்க சொன்ன ஓட்டைதான்" என்று யானை அன்பாகச் சொன்னது. "தண்ணி வெளிய போயிடும்."

"போகாது! உள்ளதான் வரும்! என் பிள்ளைங்க முழுகிச் செத்துப்போகும்!"

எல்லாரும் முதலையையே பார்த்தார்கள். யானை யோசித்தது. யானை யோசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"அப்ப என் சான்றிதழ்?" என்றது குரங்கு.

"அதை ஆடு தின்னட்டும்!" என்று முதலை கத்தியது. முட்டை இருந்த மணலில் தண்ணீர் ஏறிவிட்டது; இனி நல்ல பரிசல் இருந்தால்தான் முட்டைகள் பிழைக்கும். "மூங்கிலை எடு! அது பிஞ்சு, வேணாம், வளைச்சா முறிஞ்சிடும். முத்தின கழியாப் பார்த்து வெட்டு. குருத்துல கை வைக்காதே, அதுதான் அடுத்த வருஷத்துக்கு. மெல்லிசாப் பிள! நெருக்கிப் பின்னு!"

மழை பிடித்துக்கொண்டது. முயல் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் "ஏன் அக்கா?" என்று கேட்டது. முதலை கத்திக் கத்தியே பதில் சொன்னது. யானை மூங்கிலைப் பிளந்தது. குரங்கு பின்னியது. முள்ளம்பன்றி மரப்பிசினைக் கொண்டுவந்து சந்து சந்தாக அடைத்தது. மேனேஜர் என்ற பேச்சையே காணோம்.

பின்னிய பரிசல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "இதுலயா என் பிள்ளைங்க போகும்? பிரி!" என்று முதலை வாலால் அடித்தது. பிரித்தார்கள். மறுபடி பின்னினார்கள். இந்த முறை முதலை அதில் தண்ணீரை ஊற்றி, கீழே குனிந்து வெகுநேரம் பார்த்தது. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

முட்டைகள் பரிசலில் ஏறின. முயல் அவற்றுக்குப் பக்கத்திலேயே தன் நாலு குட்டிகளையும் உட்காரவைத்துத் தானும் ஏறித் துடுப்பைப் பிடித்தது.

முதலை பின்னால் நீந்தியது. குட்டிகளைப் பார்த்தது, எச்சில் ஊறியது. முட்டைகளைப் பார்த்தது, எச்சிலை விழுங்கிக்கொண்டது. பரிசலைக் கவிழ்த்தால் அதன் பிள்ளைகளும் அல்லவா ஆற்றோடு போகும்!

"அக்கா, இழுப்பு ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் தள்ளுங்களேன்" என்றது முயல்.

முதலை மூக்கால் தள்ளிக்கொண்டே போனது. மேட்டில் இறங்கியதும் முயல் குட்டிகளை அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதது.

அதற்குள் இக்கரையில் மூவரும் யாரையும் கேட்காமலே இன்னொரு பெரிய பரிசலைப் பின்னி முடித்துவிட்டார்கள். யானை கண்ணை இறுக மூடிக்கொண்டு அதில் உட்கார்ந்து, "வந்தாச்சா? வந்தாச்சா?" என்று அலறிக்கொண்டே வந்து சேர்ந்தது. சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

முட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த முதலை அந்தப் பரிசலைப் பார்த்தது. அப்புறம்தான் அதற்கு விஷயமே உறைத்தது.

"ஐயய்யோ! எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துட்டேனே!"

நீதி: தன் பிள்ளையை நம்பி ஏற்றும் அளவுக்குக் கற்றதே தொழில், அப்படிக் கற்ற ஊர் யார் கையையும் எதிர்பார்த்து நிற்காது.