முந்தானையில் தடவிய பொடி

அந்தத் தாலுகா தாசில்தார் லஞ்சப் பணத்தைக் கையால் தொடமாட்டார் என்று ஊரெல்லாம் ஒரே புகழ். புருஷன் செத்து, வீட்டுப் பட்டாவைத் தன் பேருக்கு மாத்தப் போன வெள்ளத்தாயிடமும் அவர் பணம் கேட்கவில்லை. "பயணியர் விடுதிக்குத் தனியா வா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றார். பட்டா இல்லையென்றால் அவளையும் பிள்ளைகளையும் கொழுந்தன் தெருவில் தள்ளிவிடுவான்.

நேரே லஞ்ச ஒழிப்புப் போலீசுக்குப் போனாள். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்தது. "பணம் கேட்டா நோட்டுல பொடி தடவிக் குடுப்போம். வாங்கினவன் கையை எங்க தண்ணியில முக்கினா சிவந்துரும். உனக்கு எதுல தாயி தடவ?"

"அவரு எதைக் கேட்டாரோ அதுலதான். என் முந்தானையில தடவுங்க."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை விட்டுவிட்டுப் பொடி டப்பாவை எடுத்தார்.

விடுதியில் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்த கையோடு தாசில்தார் மாட்டினார். கையை முக்கியதும் தண்ணீர் சிவந்தது.

கோர்ட்டில் அவருடைய வக்கீல் நக்கலாகக் கேட்டார்: "ஒத்தைக் காசு கைமாறலை. இதுல லஞ்சம் எங்கம்மா?"

"கையெழுத்துக்கு விலை கேட்டாரே ஐயா. நோட்டைத் தொட்டா குத்தம், என்னையத் தொட்டா குத்தமில்லையா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். தாசில்தார் ஜெயிலுக்குப் போனார். பட்டாவும் அவள் பேருக்கு வந்தது.

வழக்கு முடிந்தால் பொடி தடவிய நோட்டைக் கொடுத்தவரிடமே திருப்பித் தருவது வழக்கம். அதேபோல கோர்ட்டு குமாஸ்தா, சாட்சியமாக வாங்கி வைத்திருந்த அவள் சேலையை மடித்து நீட்டினார். "எடுத்துட்டுப் போம்மா. துவைச்சா போயிரும்."

வெள்ளத்தாய் கை நீட்டவில்லை.

"பொடி போயிரும்யா. நீங்களே வச்சுக்கிடுங்க. அடுத்து ஒருத்தி வராமலா போவா, அவளுக்கு ஆகும்."